பழம் தின்று கொட்டை போட்டவர்களும் புதிதாய் வந்தவர்களும்

வாசகர் கேள்வி – பதில்

யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், தாங்களே விதிகளை வகுத்து, தங்களுக்குள்ளேயே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இயங்கும் இணையக் குழுக்களைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கலைக்களஞ்சியம் தொகுப்பவர்கள், கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதுபவர்கள், கேள்வி-பதில் தளங்களில் பிறருக்கு உதவுபவர்கள் என எழுதியவர்கள் பல வகையினர். ஆனால் மனக்குறை ஒன்றுதான்: புதியவர்கள் வருகிறார்கள், நிலைப்பதில்லை. அந்தக் கடிதங்களில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் என் துறை சார்ந்த கட்டுரையில் இருந்த பிழையைத் திருத்தினேன். சில நிமிடங்களில் என் திருத்தம் நீக்கப்பட்டு, என் பேச்சுப் பக்கத்தில் (பிறர் எனக்குச் செய்தி எழுதும் பக்கம்) எச்சரிக்கை ஒன்று ஒட்டப்பட்டது. காரணம் கேட்டேன், பதில் வரவில்லை. அதன்பின் அந்தப் பக்கமே நான் போகவில்லை. தவறு என்னுடையதா? (ஒரு பேராசிரியர்)

உங்கள் திருத்தத்தை நான் பார்க்கவில்லை. சான்று சேர்க்காமல் விட்டிருந்தால், நீக்கியதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் காரணம் கேட்டபிறகும் உங்களுக்குப் பதில் கிடைக்காதது உங்கள் தவறு அல்ல. அதில் எனக்கு ஐயமே இல்லை.

உங்களுக்கு நேர்ந்தது தனிப்பட்ட அனுபவமும் அல்ல. 2001 ஜனவரியில் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பாகத் தொகுப்பவர்களின் எண்ணிக்கை 2007இல் ஏறத்தாழ 51 ஆயிரத்தைத் தொட்டு, பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, 2013இல் சுமார் 31 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. ஆரன் ஹால்ஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் இந்த இறக்கத்தின் காரணத்தை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வருகிறவர்களின் தரம் குறைந்துவிட்டது என்பதுதான் அதுவரை பலரும் சொல்லிவந்த சமாதானம். ஆய்வு அதை ஏற்கவில்லை. நல்ல எண்ணத்தோடு வந்தவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை; அவர்களுடைய தொடக்கப் பங்களிப்புகள் நிராகரிக்கப்படும் விகிதம்தான் உயர்ந்திருந்தது. முதல் முயற்சியே நிராகரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

இதில் யாரும் சதி செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தளம் புகழ் பெற்றதும் நாசவேலையும் பெருகியது; அதைச் சமாளிக்கக் கருவிகள் வந்தன. ஹகிள் போன்ற ஒரு கருவியைத் திறந்து உட்காரும் கண்காணிப்பாளரின் திரையில் அண்மைய மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். பழைய வரியும் புதிய வரியும் அருகருகே தெரியும். ஒரு விசையைத் தட்டினால் மாற்றம் நீங்கிவிடும், எழுதியவரின் பேச்சுப் பக்கத்தில் எச்சரிக்கை தானாகவே விழும், திரையில் அடுத்த மாற்றம் வந்துவிடும். கட்டுரையில் வசைச் சொல்லை எழுதிவிட்டுப் போனவருக்கும், பல ஆண்டுப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு பிழையைத் திருத்திய உங்களுக்கும் அந்தத் திரையில் கிடைப்பது அதே சில நொடிகள்தான். நீங்கள் காரணம் கேட்டு எழுதிய நேரத்தில் அவர் எத்தனையோ மாற்றங்களைக் கடந்து போயிருப்பார்.

இந்த நிலையை உணர்ந்துதான் 2012இல் ஆங்கில விக்கிப்பீடியாவில், புதியவர்கள் தயக்கமின்றிக் கேள்வி கேட்பதற்கென்றே ‘டீஹவுஸ்’ என்ற பக்கம் தொடங்கப்பட்டது. பிற விக்கிகள் (பயனர்களே எழுதித் திருத்தும் தளங்கள்) பலவற்றிலும் இப்போது இதுபோன்ற உதவிப் பக்கங்களும் புதியவர்களுக்கு வழிகாட்டும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். மனமிருந்தால் அங்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களைப் போன்றவர்கள் விலகிப்போவது அந்தக் கலைக்களஞ்சியத்துக்கு உண்மையான இழப்பு.

கேள்வி: எங்கள் குழுவில் தலைவர் என்று யாருமே இல்லை, எல்லாரும் சமம் என்கிறார்கள். ஆனால் எந்த முடிவானாலும் அதே நான்கைந்து பேர் எடுத்ததாகத்தான் இருக்கிறது. இது எப்படி நேர்கிறது? (ஒரு வாசகி)

இந்தக் கேள்வி இணையத்தைவிட மிகப் பழையது. ஜெர்மனியில் பிறந்த சமூகவியலாளர் ராபர்ட் மிக்கேல்ஸ், மக்களாட்சியை உரக்கப் பேசிய கட்சிகளும் தொழிற்சங்கங்களும் தமக்குள் மட்டும் ஏன் ஒரு சிலரால் ஆளப்படுகின்றன என்று ஆராய்ந்து, 1911இல் வெளியிட்ட நூலில் ‘சிலராட்சியின் இரும்பு விதி’ என்பதை முன்வைத்தார். அமைப்பு வளர வளர அதை நடத்தும் திறனும் தகவலும் சிலர் கையில் சேரும்; சேர்ந்தபின் அவர்கள் இடத்தை விட்டு நகரமாட்டார்கள் என்பது அதன் சாரம். 1970இல் அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன், தலைமையே வேண்டாம் என்று இயங்கிய பெண்கள் குழுக்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். வெளிப்படையான அமைப்பு இல்லாத குழுவில் மறைவான அமைப்பு ஒன்று உருவாகியே தீரும். யாரும் தேர்ந்தெடுக்காத அந்தத் தலைமையை யாரும் நீக்கவும் முடியாது. உங்கள் குழுவின் நிலை இதற்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது.

இணையத்தில் இது மாறிவிடும் என்று நம்பியவர்கள் பலர். யார் வேண்டுமானாலும் வரலாம், எல்லா உரையாடலும் எல்லார் கண்ணிலும் படும், செலவு ஏதுமில்லை என்பதால் அப்படி எதிர்பார்த்ததில் பிழையில்லை. ஆரன் ஷா, பெஞ்சமின் மாக்கோ ஹில் ஆகிய இருவரும் 683 விக்கிகளின் தரவை எடுத்து இந்த நம்பிக்கையைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். விக்கி வளர வளரப் புதிய நிர்வாகிகள் சேர்வது அரிதாகிக்கொண்டே போனது. இருந்த நிர்வாகிகளோ, நிர்வாகி அல்லாத அனுபவசாலிகளின் பங்களிப்புகளை நீக்குவது கூடியது. இந்த இரண்டாவது முடிவைத்தான் நான் மிகவும் கவலைக்குரியதாகக் கருதுகிறேன். தடுமாறும் புதியவரைத் தடுத்தார்கள் என்றால் விதி தெரியாதவர் என்று சொல்லித் தப்பலாம். விதியெல்லாம் கற்றுத் தேறி, அடுத்துப் பொறுப்புக்கு வரக்கூடியவரையே தடுக்கிறார்கள் என்றால் அது தரத்தைக் காப்பதற்காக என்று சொல்ல முடியாது.

நடைமுறையில் இது நேரத்தின் வழியாகவே நடக்கிறது. கருத்தொருமிப்பால் முடிவெடுக்கும் குழுவில், விவாதத்தில் கடைசிவரை இருப்பவர் நினைத்ததே முடிவாகிறது. மூத்தவர்களுக்கு நாள்தோறும் அங்கே இருக்கும் பழக்கம் உண்டு. எந்த விதியை எந்தச் சுருக்கப் பெயரால் சுட்ட வேண்டும் என்று தெரியும். எப்போதோ நடந்த விவாதத்தின் இணைப்பைச் சட்டென்று எடுத்துப் போடத் தெரியும். ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு பழைய சண்டையில் பிறந்தது. அந்தச் சண்டையைக் கண்ணால் கண்டவர்களுக்கு அது தெளிந்த அறிவு, பிறகு வந்தவர்களுக்கு அது புரியாத சுவர். ‘இதைப் பற்றி முன்பே பேசி முடித்துவிட்டோம்’ என்ற ஒரு வரிக்கு எதிராகப் புதியவர் சொல்லக்கூடியது எதுவும் இல்லை, ஏனெனில் பேசி முடித்த அந்த ‘நாம்’ என்பதில் அவர் இல்லை.

உங்கள் குழுவுக்கு நான் சொல்லும் முதல் வேலை, அந்த நான்கைந்து பேரின் பெயரை வெளிப்படையாக எழுதி, அவர்கள் எந்தெந்த முடிவுக்குப் பொறுப்பு என்பதையும் குறித்துவைப்பதுதான். அதைச் செய்தால் அவர்களுக்கு அதிகாரம் கொடுத்ததாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். அதிகாரம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசும் உரிமைதான் இப்போது மற்றவர்களிடம் இல்லை.

கேள்வி: நான் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஊதியமின்றி ஒரு தளத்தை மட்டுறுத்தி (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தி) வருகிறேன். விதிகளைப் படிக்காமல் வருகிறார்கள், கேட்டதையே கேட்கிறார்கள், திருத்தினால் கோபிக்கிறார்கள். எல்லாப் பழியும் எங்கள் மேல்தானா? (ஒரு மட்டுறுத்துநர்)

பழி உங்கள் மேல் இல்லை, பொறுப்பு மட்டும் உங்களிடம் இருக்கிறது. உங்கள் களைப்பு உண்மையானது. 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பல்கலைக்கழகங்களின் புது மாணவர்கள் வந்து சேர்வார்கள்; ஓரிரு மாதங்களில் அவையடக்கம் கற்றுக்கொள்வார்கள். 1993 இறுதியிலிருந்து இணைய இணைப்பு தரும் வணிக நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை அங்கே திறந்துவிட்டபோது வருகை நிற்கவே இல்லை. ‘முடிவில்லாத செப்டம்பர்’ என்று அன்றைய மூத்தவர்கள் அதை அழைத்தது வெறும் கர்வத்தால் அல்ல. கற்றுக்கொடுக்கும் வேகத்தைவிட வரும் வேகம் கூடிவிட்டால் எந்தக் குழுவின் பண்பும் கரைந்துபோகும்.

ஆனால் உங்களால் பார்க்க முடியாத ஒரு பக்கம் இருக்கிறது. கோபித்துச் சண்டை போடுகிறவர் உங்கள் கண்ணில் படுகிறார். மனம் வருந்தி, ஒன்றும் சொல்லாமல், கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர் உங்கள் பட்டியல் எதிலும் வருவதில்லை. சண்டைக்காரர்களை மட்டுமே நாள்தோறும் சந்திப்பதால், புதியவர்கள் என்றாலே இப்படித்தான் என்ற எண்ணம் மூத்தவர்களிடம் வேர்விடுகிறது. அந்த எண்ணத்தோடு எழுதும் அடுத்த பதில் இன்னும் கடுமையாகிறது. 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர்களின் கேள்வி-பதில் தளம், கேள்விகளின் தரத்தைக் காப்பதில் இருந்த கண்டிப்பாலேயே பெயர் பெற்றது. அந்த நிறுவனமே 2018 ஏப்ரலில், புதியவர்கள் தங்கள் தளத்தை இதமான இடமாக உணரவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பிறகு நடத்தை விதிகளை மாற்றி எழுதி, முதன்முறை கேட்பவரின் கேள்விக்கு அருகே அவர் புதியவர் என்று தெரியும்படி ஓர் அடையாளத்தையும் சேர்த்தார்கள்.

உங்கள் பதில்களில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ‘இது முன்பே கேட்கப்பட்டது. மூடப்படுகிறது.’ இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இதையே இப்படியும் எழுதலாம்: ‘இதே கேள்விக்கு முன்பு கிடைத்த பதில் இங்கே இருக்கிறது, அதன் இரண்டாம் பத்தி உங்கள் சிக்கலுக்குப் பொருந்தும் என நினைக்கிறேன். பொருந்தாவிட்டால், எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று எழுதுங்கள், மறுபடி திறக்கிறோம்.’ இதுவும் கேள்வியை மூடத்தான் செய்கிறது, ஆனால் திரும்பிவர ஒரு வழியைக் காட்டிவிட்டு மூடுகிறது. இதை எழுத ஒரு நிமிடம் கூடுதலாகும் என்பதை அறிவேன். அந்த ஒரு நிமிடத்துக்குக்கூட உங்களிடம் தெம்பில்லை என்றால், உங்களுக்கு உதவியாள் தேவை என்று பொருள். அந்த உதவியாள் இன்று நீங்கள் மூடும் கேள்விகளைக் கேட்டவர்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

தொனி மேலிருந்து கீழே இறங்கும் என்பதற்கும் பெரிய சான்று உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவைத் தொடங்கியவரான லினஸ் டோர்வால்ட்ஸ், நிரல் அனுப்பியவர்களைத் தம் மடல்களில் கடுஞ்சொல்லால் தாக்கிவந்ததற்காக 2018 செப்டம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். அதே சமயத்தில் அந்தத் திட்டம் புதிய நடத்தை விதிகளையும் ஏற்றது. அவருடைய திறமையை யாரும் ஐயுற்றதில்லை. அத்தகையவரே மாற முடியும் என்றால் நம்மில் யாருக்கும் அது இயலாத காரியம் அல்ல.

கேள்வி: நீங்கள் சொல்வது நல்லெண்ணம் உள்ள தலைவர்களைப் பற்றி. நோக்கமே கெட்டதாக இருந்தால்? (ஒரு மாணவர்)

அப்போது தன்னாட்சியே கேடயமாகிவிடுகிறது. இதற்குக் குரோவேஷிய மொழி விக்கிப்பீடியாவைக் காட்டலாம். ஏறத்தாழ பத்தாண்டுகள் ஒரு சிறு நிர்வாகிக் குழு அதைத் தன் பிடியில் வைத்திருந்தது. வரலாற்றுக் கட்டுரைகள் தீவிரத் தேசியவாதச் சார்போடு திரிக்கப்பட்டன. எதிர்த்துப் பேசிய தொகுப்பாளர்கள் தடை செய்யப்பட்டார்கள். 2013இலேயே செய்தியாகி, அந்நாட்டுக் கல்வி அமைச்சர் மாணவர்களை அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தார். ஆயினும் உள்ளிருந்து ஒன்றும் செய்ய இயலவில்லை. நிர்வாகிகளை நீக்க வாக்கெடுப்பு வேண்டும். எதிர்த்து வாக்களிக்கக்கூடியவர்களோ தடை செய்யப்பட்டிருந்தார்கள் அல்லது வெறுத்துப்போய் விலகியிருந்தார்கள். பிற மொழி விக்கிகளைச் சேர்ந்தவர்களின் அழுத்தத்துக்குப் பிறகுதான் 2020–21இல் நிலைமை மாறியது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் இதைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது.

இதிலிருந்து தெரிவது, வெளியே முறையிடுவதற்கு ஓர் இடம் இல்லாத தன்னாட்சி ஆபத்தானது என்பது. ரெடிட் என்ற விவாதத் தளத்தின் உட்குழுக்களில் மட்டுறுத்துநர் பட்டியல் மூப்பு வரிசையில் இருக்கும். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நீக்கலாம், கீழே இருப்பவரால் மேலே இருப்பவரை நீக்க முடியாது. முதலில் வந்து குழுவைத் தொடங்கினார் என்பது மட்டுமே ஒருவரை ஏறக்குறைய அசைக்க முடியாதவராக்கிவிடுகிறது. புதிதாகக் குழு அமைப்பவர்கள் இப்படி ஒரு கட்டமைப்பைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பதவிக்குக் காலவரையறை வைத்தால் சரியாகிவிடுமா? அனுபவசாலிகளை இழந்துவிட மாட்டோமா? (ஒரு நிரலாளர்)

காலவரையறை மட்டும் போதாது என்றாலும் அது இல்லாமல் மற்றவை வேலை செய்வதில்லை. 1993இல் தொடங்கிய டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டம் தன் தலைவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறது. ஸ்வீடிய விக்கிப்பீடியாவில் நிர்வாகிகளின் பதவிக்காலம் ஓராண்டு; தொடர வேண்டுமானால் மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும். பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய குயிடோ வான் ரோசம் 2018 ஜூலையில் தம் இறுதி முடிவு அதிகாரத்தைத் துறந்தபோது, தமக்குப் பின் யார் என்று ஒருவரைக் கைகாட்டவில்லை. எப்படி ஆள்வது என்பதைக் குழுவே விவாதித்து முடிவு செய்து, ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுத்தது. அவரும் அந்த முதல் ஐவரில் ஒருவராக இருந்தார். அனுபவம் எங்கும் போய்விடவில்லை, ஐந்தில் ஒரு குரலாகியது.

நேர்மாறான நிலைக்கு ஆங்கில விக்கிப்பீடியாவே சான்று. அங்கே நிர்வாகிப் பதவி நெடுங்காலம் ஏறக்குறைய வாழ்நாள் பதவியாக இருந்தது. ஒருமுறை கொடுத்தால் எளிதில் திரும்பப் பெற இயலாது என்பதாலேயே கொடுக்கவும் தயங்கினார்கள். விண்ணப்பித்தவரின் பழைய பதிவுகளையெல்லாம் ஒரு வாரம் பொதுவில் கிளறினார்கள். 2007இல் 400க்கும் மேற்பட்டோர் நிர்வாகிகளான இடத்தில் 2021இல் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. 2024இல்தான் இரண்டு கதவுகள் திறந்தன. ஒன்று, இரகசிய வாக்கெடுப்பால் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை. மற்றொன்று, தகுதியுள்ள 25 பேர் ஒரு மாதத்துக்குள் கையொப்பமிட்டால் நிர்வாகி மீண்டும் சமூகத்தின் ஒப்புதலைக் கோர வேண்டும் என்ற திரும்ப அழைக்கும் முறை. பதவியை விட்டு இறங்குவதை எளிதாக்கினால் ஏறுவதும் எளிதாகும் என்பதால், இவை இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததை நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன்.

கேள்வி: இவ்வளவும் தெரிந்தபின் புதிதாகச் சேரலாமா என்றே தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? (ஒரு வாசகர்)

சேருங்கள். முதலில் கொஞ்ச நாள் படியுங்கள். மூத்தவர்கள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுகிறார்களா, தலைமையில் இருப்பவர் எப்போதாவது தம் கருத்தை மாற்றிக்கொள்கிறாரா, கடந்த ஓராண்டில் சேர்ந்தவர்களில் யாருக்காவது பொறுப்பு கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கு இல்லை என்பதே பதிலானால், அங்கே நெடுங்காலம் உழைக்கத் திட்டமிடாதீர்கள்.

சிறிய வேலையில் தொடங்குங்கள். உங்கள் பங்களிப்பு நீக்கப்பட்டால், அதையே திரும்பப் போடாமல், நீக்கியவரிடம் ஒருமுறை மரியாதையாகக் காரணம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பொதுவான உதவிப் பக்கத்தில் சான்றோடு வையுங்கள். ஒரு குழு முழுவதையும் மாற்றும் முயற்சியைவிட, உங்கள் வேலையை மதிக்கும் ஒரே ஒரு மூத்தவரைக் கண்டடைவது முதல் மாதங்களில் அதிகம் பயன்படும். எல்லா வழியும் அடைபட்டால், கட்டற்ற உரிமத்தில் இயங்கும் திட்டங்களில் உழைப்பின் பயனை எடுத்துக்கொண்டு தனியே பிரியும் உரிமை எப்போதும் உண்டு. 2014 டிசம்பரில் நோட்.ஜேஎஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் நிர்வாக முறையில் அதிருப்தியுற்ற பங்களிப்பாளர்கள் ஐஓ.ஜேஎஸ் என்ற பெயரில் பிரிந்தார்கள். மறு ஆண்டே, திறந்த நிர்வாக முறையோடு இரண்டும் ஒன்றிணைந்தன.

இன்னொன்றும் செய்யுங்கள். சேர்ந்த முதல் சில வாரங்களில் எங்கெங்கே தடுமாறினீர்கள், எந்தச் சொல் புரியவில்லை, எந்த விதியைத் தேடிக் களைத்தீர்கள் என்று குறித்துவைத்து, பிறகு அதைக் குழுவிடம் கொடுங்கள். ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருப்பவர்களால் அந்தப் பட்டியலை எழுத முடியாது. உங்களாலும் ஆறு மாதம் கழித்து எழுத முடியாது.